நாற்காலியில் தாண்டிய வாசற்படி

எருத்தேன்பதி,
18-11-1974.

அன்புள்ள மகன் செங்கோட்டையனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் காளியாத்தாளும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஆக நாலு பேரும் சுகம். பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்கும், உன் உடம்பு எப்படி என்று எழுது. நாலு பேரும் சுகம் என்று போன செவ்வாய்க்கிழமை வரை என்னால் தைரியமாக எழுதியிருக்க முடியாது. உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்கு அதுதான் காரணம். இப்போது பயம் தீர்ந்துவிட்டது, அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ மே மாதம் லீவு முடிந்து போன பிறகு, உன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று ஆடியில் தெரிந்ததும் உன் அம்மா ஒருத்தியாகக் கிளம்பி மாகாளியம்மன் கோயிலுக்குப் போனாள். போன வருஷம் ஆவணியில் ஐந்தாம் மாதத்தில் அது கலைந்துபோனதும், அன்று காலையில் காளியாத்தாள் கிணற்றில் தண்ணீர் சேந்தியிருந்தாள் என்பதும் உனக்குத் தெரியும். அந்த நினைப்பில் உன் அம்மா கற்பூரம் ஏற்றி, “தாயே, பிள்ளையக் கையில வாங்கற வரைக்கும் என்ற மருமக கால் எங்க ஊட்டு வாசப்படியத் தாண்டாது” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. பின்பக்கம் பொடக்காலி நாலு சுவருக்குள் இருப்பதால் குளிக்கவும் மற்றதற்கும் அங்கே போகலாம், அது வீட்டில் சேர்ந்ததுதான் என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். காளியாத்தாளை அசைய விடாதீர்கள் என்று நீயும் எழுதினாய். தாயில்லாத பெண், பிரசவம் நம் வீட்டில்தான் என்பதால் எனக்கும் பயம், வாயை மூடிக்கொண்டேன். நாலு மாதம் ஆசாரக் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். விளக்குமாற்றைத் தொட விடவில்லை, சாப்பாடு கட்டிலுக்கே போயிற்று. ஐப்பசி மழைக்குப் பயந்து நிலக்கடலை மூட்டைகளை நானும் ஆசாரத்தில்தான் அடுக்கினேன், நடக்க நினைத்தாலும் இடமில்லை. கயிறு தொய்ந்து இடுப்பு வலி, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், தூக்கமில்லை. இரண்டு காலும் வீங்கி, கால் மிஞ்சியை உன் அம்மா விளக்கெண்ணெய் போட்டுக் கழற்றினாள். அப்போதும் அந்தப் பெண்ணைக் கேட்டால் “நல்லாத்தானுங்க மாமா இருக்கறேன்” என்பாள்.

மாதம் ஒருமுறை நம் பக்கம் வரும் சுகாதார நிலைய நர்ஸ் கத்தரீனாளை, பெண் தூங்குகிறாள் என்று சொல்லி உன் அம்மா இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள், இது எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்றாவது தடவையாகச் செவ்வாய்க்கிழமை வந்தபோது நான் வீட்டில் இருந்தேன், உள்ளே கூப்பிட்டேன். கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “ஏனுங்கம்மா, புள்ளையப் படுக்க வெச்சிருக்கறீங்களா, கட்டிப் போட்டிருக்கறீங்களா?” என்றார். வீக்கத்தோடு ரத்த அழுத்தமும் ஏறியிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, இன்றைக்கே சித்தூர் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாடகைக் கார் நானே அனுப்புகிறேன் என்றார். உன் அம்மா வாசற்படியில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அம்மனுக்குச் சொன்ன சொல்லை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்று அழுகை. நான் சத்தம் போட்டும் நகரவில்லை. நர்சம்மா கோபப்படவில்லை, “கால் தாண்டக் கூடாது, அவ்வளவுதானுங்களே? கால் தரையில படாமத் தூக்கிட்டுப் போனா அம்மன் கேக்க மாட்டா” என்றார். உன் கல்யாணத்துக்கு வாங்கிய கைவைத்த நாற்காலியில் அவளை உட்கார வைத்து, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் நம் பண்ணையத்து ஆள் சென்னிமலையும் தூக்கினோம். சென்னிமலை சும்மா வருவானா, “ஏனுங்க, சாமி பொறப்பாடாட்டம் இருக்குது, மேளத்துக்குச் சொல்லலீங்களா?” என்றான். காளியாத்தாள் சிரித்துவிட்டாள். நாலு மாதத்தில் நான் அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான். உன் அம்மா கூடவே குனிந்து வந்து, கால் படியில் படவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மலையாளத்து லேடி டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார், மூத்திரம் சோதித்தார், குழலை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். நான் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், உன் அம்மா உள்ளே. “பேடிக்கண்டா”, பயப்பட வேண்டாம், என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அழுத்தம் சரியாக இருக்கிறது, பிள்ளை நன்றாக இருக்கிறது, கால் வீக்கத்துக்கும் வலிக்கும் அசையாமல் கிடந்ததுதான் பெரும்பாலும் காரணம், இந்தப் பெண்ணுக்குப் படுக்கை தேவையில்லை, தினமும் நடக்கட்டும் என்றார். பிறகு போன தடவை என்ன நடந்தது என்று கேட்டார். என் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத காளியாத்தாள் அன்று பேசினாள். “மொத நா ராத்திரியே சேலையில ரத்தம் பட்டுதுங்க டாக்டர். சொல்லப் பயந்துட்டனுங்க. விடிஞ்சதும் எப்பவுமாட்டம் தண்ணி சேந்தப் போயிட்டனுங்க.” டாக்டர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அப்படியானால் கிணற்றுக்குப் போகும் முன்பே அது தொடங்கிவிட்டது, இன்ன காரணம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, ஆனால் தண்ணீர் சேந்தியதால் போனது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம் என்றார். காரில் திரும்பும்போது வாய்க்கால் பாலம் தாண்டியதும் உன் அம்மா என்னிடம், “அன்னிக்கு அவளக் கெணத்துக்குப் போகச் சொன்னது நானுங்க. பதினஞ்சு மாசமா நெஞ்சுல கல்லாட்டம் கெடந்துது” என்றாள். பிறகு அவள் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போக விட்டிருப்பேனா என்று கேட்டாள். “நீங்களே காச்சல்ல கெடந்தீங்களே அத்தை” என்றாள் அவள். இரண்டு பேரும் வீடு வரும்வரை அழுதார்கள். நான் தடுக்கவில்லை.

வாக்கு வாக்குதான், வெளியே நடக்க விடமாட்டேன் என்று உன் அம்மா மறுநாளும் சொன்னாள். வியாழக்கிழமை வந்த நர்சம்மா, வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும், வழியை ஒழித்துக் கொடுங்கள் என்றார். மூட்டை முழுவதையும் சென்னிமலையும் நானும் வண்டி நிறுத்தும் சாளைக்கு மாற்றினோம். இப்போது மேற்குச் சுவரிலிருந்து சமையலறைக் கதவு வரை அவள் அடியில் பதினெட்டு அடி. காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் அளவு. தரை மெழுகிய ஈரம் காய்ந்த பிறகே நடை. நடந்தபின் தண்ணீர் குடித்துவிட்டு, பாயில் சுவரோரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பாதங்களைச் சுழற்றுகிறாள், பிறகு இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து முட்டிகளை மெதுவாகத் தாழ்த்துகிறாள். சுவரில் கையூன்றிச் சாய்ந்து நிமிர்வது பத்துத் தடவை. எதிலும் மூச்சை அடக்கக் கூடாது. மல்லாந்து நெடுநேரம் படுக்காமல் இடதுபக்கமாகப் படுக்க வேண்டும், எழும்போது ஒருக்களித்துக் கையூன்றி எழ வேண்டும். குடம் தூக்குவதும் ஏணி ஏறுவதும் இப்போதும் கிடையாது. வயிற்று வலி, ரத்தம், நீர் கசிவு, தலைவலியோடு கண் மங்கல், பிள்ளை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அதற்காக நாற்காலியை வாசற்படி ஓரத்திலேயே போட்டிருக்கிறேன், உன் அம்மாவுக்கும் அதில் சம்மதம்.

சுற்று எண்ணும் வேலையை உன் அம்மா எடுத்துக்கொண்டாள். ஒரு தட்டில் இருபது நிலக்கடலை, ஒரு சுற்றுக்கு ஒன்று அடுத்த தட்டுக்குப் போகும். இவள் போகிறபோக்கில் எடுத்து உரித்துத் தின்றுவிடுவதால் எண்ணிக்கை ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. “தின்னுபோட்டு நடக்கறியா, திங்கறதுக்கு நடக்கறியா?” என்று சண்டை. சில நேரம் உன் அம்மாவும் பின்னாலேயே நடக்கிறாள், மூச்சு வாங்குவது அவளுக்குத்தான். கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டேன், இரண்டு ராத்திரியாக நன்றாகத் தூங்குகிறாள். வீக்கம் வடிந்து நேற்று மிஞ்சி திரும்பக் காலில் ஏறியது.

இனி உன்னிடம் ஒரு விஷயம். போன வருஷம் அது கலைந்தபோது நீ எனக்கு எழுதிய கடிதத்தில், இவளை யார் தண்ணீர் சேந்தச் சொன்னது, இந்த அறிவுகூட இல்லையா என்று கேளுங்கள் என்று ஒரு வரி இருந்தது. எழுதியதை எழுதியபடி காளியாத்தாள் காதுபட வாசித்துவிட்டேன், அது என் தவறு. அன்றிலிருந்து உன் கடிதம் வந்தால் பக்கத்தில் வந்து நிற்பதை அவள் விட்டுவிட்டாள், உள்ளே இருந்தபடி கேட்டுக்கொள்வாள். மே மாதம் நீ வந்தபோது அதைப் பற்றிப் பேசினீர்களோ இல்லையோ, அது எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னதை நீ இப்போது படித்துவிட்டாய். எட்டாவது வரை படித்த பெண், அவளுக்கு வாசிக்க நான் தேவையில்லை. என் கவருக்குள் ஒரு துண்டுக் காகிதம் வைக்காதே, தனிக் கவரில் அவள் பெயரைப் போட்டு எழுது. தபால்காரர் குப்பண்ணன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். படிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் நீட்டினால், இந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்ள எந்த வாக்கும் தடையில்லை.

கம்பளி போடாமல் ராத்திரி ஷிப்டுக்குப் போகாதே, வெந்நீர் குடி. மாசியில் பதினைந்து நாள் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. மாகாளியம்மன் உன்னையும் அவளையும் வரப்போகும் பிள்ளையையும் காக்கட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்தது. கவரின் மேல் விலாசம்: திருமதி காளியாத்தாள். மறக்காதே.

இப்படிக்கு, உன் நலமே வேண்டும்
அப்பா,
அர்த்தநாரி.