சித்தி பெயர் இல்லாத பத்திரிகை

அல்லிநகரம், தேனி
5.3.2023

அன்புள்ள அக்கா,

சிம்ரன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி கிடைத்தது. படத்தில் மாப்பிள்ளை முகம் சாதுவாக இருக்கிறது. உன் மகளுக்கு அதுதான் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வரவேற்பவர்கள் வரிசையில் ‘சித்தி, பேராசிரியை ஜோதிலட்சுமி’ என்று போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. என் சாதிச் சான்றிதழில் ‘இந்து’ என்றிருப்பது உனக்குத் தெரியும். அதில் ‘கிறிஸ்தவர்’ என்றிருந்தால் இந்த எஸ்.சி. இடஒதுக்கீடும் இல்லை, இந்த வேலையும் இல்லை. இப்போது யாரோ என்மேல் மொட்டை மனு போட்டிருக்கிறார்கள். விசாரணை வரும். மாதா கோயிலில் நடக்கும் கல்யாணத்தின் பத்திரிகையில் என் பெயர் அச்சானால் வேறு சாட்சியே தேவையில்லை.

போனில் சொல்லியிருப்பேன். நீ போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஜோதி

*

ராயப்பன்பட்டி
14.3.23

தங்கச்சி ஜோதிக்கு அக்கா ஞானபாக்கியம் எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல இங்கன எல்லாரும் சுகம். மூட்டுவலி அப்படியேதான் இருக்கு. திராட்சைப் பந்தலை அண்ணாந்து பாத்து இப்ப கழுத்தும் சேந்து வலிக்குது.

உன் கடுதாசியப் பாத்து ரெண்டு நாளா சோறு எறங்கல. இருக்கது ஒத்தச் சித்தி. “காலேஜுல பெரிய வேலைன்னீக, பேரையே காணோமே”ன்னு சம்பந்தகாரக கேப்பாக. செத்துப் போயிட்டான்னு சொல்லவா?

அய்யா அன்னைக்கு ‘இந்து’ன்னு சீட்டு வாங்க நம்ம ரெண்டு பேரையும்தான் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாக. நான் முடியாதுன்னுட்டேன். நீ வாங்கிக்கிட்ட. நான் தோட்டத்துக்குப் போனேன், நீ காலேஜுக்குப் போன. அதத் தப்புன்னு என்னைக்காச்சும் சொன்னனா?

எகிப்து தேசத்துல இதே மாதிரி சீட்டு வாங்குன சனங்களப் பத்தி நீ ஆராய்ச்சி பண்றியாம், சிம்ரன் சொன்னா. அவுகளப் பெறகு கோயில்ல சேத்துக்கிட்டாகளா இல்லையா? அத மட்டும் எழுது ஆத்தா.

ஞானபாக்கியம்

*

அல்லிநகரம்
23.3.2023

அன்புள்ள அக்கா,

சேர்த்துக்கொண்டார்கள். பெரிய சண்டைக்குப் பிறகு.

கி.பி. 250. எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ரோமப் பேரரசன் ஆணையிட்டான். பலியிட்டதற்கு அத்தாட்சியாக அதிகாரியிடம் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ‘எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் கண்முன் பலியிட்டுப் படையலை ருசித்தேன்’ என்று எழுதியிருக்கும். எகிப்து மணலில் கிடைத்த சீட்டுகள் ஐம்பதுக்குள்தான். ஒன்றில் ‘வயது எழுபத்திரண்டு, வலது புருவத்தில் தழும்பு’ என்று இருக்கிறது, நம் டி.சி.யில் மச்சம் எழுதுவதுபோல. கிறிஸ்தவர்களில் சிலர் பலியிடாமலே கையூட்டுக் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கினார்கள்.

ஆய்வாளர்கள் இவர்களை உறுதியானவர், தளர்ந்தவர், ஏய்த்தவர் என்று பிரித்துவைக்கிறார்கள். படிக்கப் படிக்க அலுப்பாக இருக்கிறது. அந்தச் சீட்டோடு வீடு திரும்பியபோது கூடப்பிறந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது. இருபது வருடமாக நான் தேடியது அந்த வரியைத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அவர்களைக் காட்டி நான் தப்பிக்க முடியாது. அவர்களுக்கு உயிர்ப் பயம். எனக்கு இருந்தது ஒரு கல்லூரி விண்ணப்பம். நம்பிக்கையும் எனக்கு எந்தப் பக்கமும் இல்லை. சான்றிதழில் இருப்பதும் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பதும் எனக்கு ஒன்றுதான்.

பெயரை எடுத்துவிடு, அக்கா.

ஜோதி

*

ராயப்பன்பட்டி
20.4.23

ஜோதிக்கு,

பேரை எடுத்தாச்சு. உன் மாமா ரெண்டு நாளு என்கூடப் பேசல.

நேத்து தாலுகா ஆபீசுல இருந்து ஆர்.ஐ. வந்தாக. நான் தோட்டத்துல இருந்து வந்து காலு கழுவிக்கிட்டிருந்தேன். “காலேஜ் ஜோதிலட்சுமி ஒங்க தங்கச்சியாம்மா?”ன்னாக. “எனக்குக் கூடப்பொறந்த பொம்பளப்புள்ளையே கெடையாது சார்”னு சொல்லிட்டேன். எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல. “அப்ப அத எழுதிக் குடுங்க”ன்னாக. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். வெயில்ல அலைய மனசில்லையோ என்னமோ, மேக்கொண்டு ஒண்ணும் கேக்காமப் போயிட்டாக.

பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னு கோயிலுக்குப் போனேன். சாமியாரு கிட்ட வாய் தெறக்க முடியல. பொய் சொன்னதுக்கு மனசு வருந்தணும்ல? வருத்தம் வர மாட்டேங்குதே. பெறகு எதைச் சொல்லி மன்னிப்புக் கேக்க? பாவத்தச் சொல்லாம பூசையில நன்மை அப்பம் வாங்கக் கூடாதே, வாங்காம வந்துட்டேன்.

கோவிச்சுக்காத. கல்யாணத்துக்கு வராத. யாராச்சும் பாத்து எழுதிப் போட்டா உன் வேலையும் போகும், என்னையும் இழுப்பாக.

ஞானபாக்கியம்

*

அல்லிநகரம்
19.5.2023

அக்கா,

வந்தேன். நீயும் பார்த்தாய்.

கோயிலுக்குள் வரவில்லை. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு பந்தியில் உட்கார்ந்தேன். நீ ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு வந்தாய். பக்கத்து இலையில் இருந்த ஓர் அம்மாள் உன்னிடம் என்னைக் காட்டி, “ஒங்க சாடையா இருக்காகளே, சொந்தமா?” என்று கேட்டாள்.

“இல்லையே” என்றாய். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க எந்த ஊருங்க?”

“தேனி. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சவங்க.”

“அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக. வெக்கப்படாமச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாய்.

பிறந்ததிலிருந்து நீ என்னை ‘நீங்க’ என்று சொன்னதில்லை. குரலில் ஒரு பிசிறும் இல்லை. நீ அழுதுவிடுவாயோ என்று பயந்துகொண்டு வந்தேன். கடைசியில் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தது நான்தான். சிம்ரன் மேடையிலிருந்து கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

நேற்றுக் கல்லூரியில் உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. உன் கையெழுத்தின் நகலும் அதனுடன் இருந்தது. ‘ஞா’வை இன்னும் கோணலாகத்தான் எழுதுகிறாய்.

வருத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வரவேண்டாம். நீ எழுதிக் கொடுத்ததைப் பொய் இல்லாமல் ஆக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இனி நான் எழுத மாட்டேன். நீ போய் நன்மை வாங்கிக்கொள்.

ஜோதிலட்சுமி