மருந்தா, குடும்பப் பெயரா?

ஜூன் 4

அன்புள்ள டாக்டருக்கு,

நான் நலம். நீங்களும் பூனையும் நலம்தானே?

உங்கள் கிளினிக்குக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் இன்றும் என்னை அழைத்தார். "அக்கா, சாரோட மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இது மருந்தா, மாட்டுக்காரர் பேரா?" மாட்டுக்காரரின் குடும்பப் பெயர்தான். அதற்குள் மொத்த வியாபாரியிடம் அதை இரண்டு பாட்டில் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு பிராணிக்கும் அதன் சொந்தக்காரரின் குடும்பப் பெயரைச் சேர்த்து எழுதும் பழக்கத்தை விடுங்களேன். எருமைக்கு எதற்கு முழுப் பெயர்?

நான் இந்த ஊருக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே உங்கள் கையெழுத்துக்கு உரையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் குடும்பப் பெயரும் என்னை விட்டபாடில்லை. பல் மருத்துவரிடம் போயிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரோடு ஒட்டியிருந்த அதை உரக்கப் படித்துவிட்டு, "மேடம், இது பேரா, இல்ல உங்களுக்கு இருக்கிற வியாதியா?" என்றாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நானும் சிரித்துவிட்டேன். அறைக்குத் திரும்பியபின் ஏனோ ஒரு வேலையும் ஓடவில்லை.

சென்ற கடிதத்தில் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசி வரி எனக்குப் புரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பெயரைச் சுமப்பவள்

ஜூன் 11

அன்பானவளுக்கு,

பூனை நலம். என் நாற்காலியை அது எடுத்துக்கொண்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறேன்.

கடைக்காரனைக் கண்டித்தேன். "உங்களைக் கேட்டா திட்டுறீங்க சார், அக்கான்னா சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க" என்கிறான். நீ சிரிப்பாய் என்பதையே இப்போது அவன் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். குடும்பப் பெயரை மட்டும் விட முடியாது. இந்தத் தெருவில் பாதி நாய்களுக்கு ஒரே பெயர். போன மாதம் ஒன்றின் ஊசியை இன்னொன்றுக்குப் போடப் பார்த்தேன்.

கிளினிக்கோடு சேர்த்து வீட்டை விலைக்குக் கேட்கிறார்கள், நீ வருவதானால் வைத்துக்கொள்ளலாம், வருகிறாயா என்று கேட்டிருந்தேன். அந்த வரிதான் உனக்குப் புரியவில்லை. ஆடு உதைக்க உதைக்க முழங்காலில் வைத்துக் கிறுக்கிய சீட்டைக்கூடப் படித்தவள் நீ! சரி, பதில் கிடைத்துவிட்டது. இனிக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். வந்தவரிடம் சம்மதம் சொல்லிவிட்டேன்.

சீட்டுகளைத் தட்டச்சு செய்ய ஒரு பெண்ணையும் வைத்துவிட்டேன். கடைக்காரன் இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
டாக்டர்

ஜூன் 17

அன்புள்ள டாக்டருக்கு,

இதை எழுதி எழுதிக் கிழித்தேன். கடைக்காரரிடமிருந்து அழைப்பே இல்லை. பாடத்தின் நடுவில் கைபேசியைப் பார்க்கிறேன். நேற்று அமிலக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன சொல்ல வந்தேன் என்பதையே மறந்து நின்றேன். "மேடம், முதல்ல அதைக் கீழ வைங்க" என்று முன்வரிசைப் பெண் பதறினாள்.

என்ன பதில் கிடைத்தது உங்களுக்கு? அந்த வீட்டுக்கு வருகிறாயா என்றுதானே கேட்டீர்கள். முன்னறையில் நாய்கள், நடையில் ஆட்டுக்காரர்கள், அடுப்புக்குப் பக்கத்தில் யாரோ விட்டுப்போன கிளி. நான் அங்கே ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டதை நீங்கள் பார்த்ததுண்டா? வரமாட்டேன் என்று எழுத மனம் வரவில்லை. வருகிறேன் என்று எழுத அந்த வீடு விடவில்லை. புரியவில்லை என்று எழுதினேன். நீங்கள் ஒரு வார்த்தை ஏன் என்று கேட்டிருக்கலாம்.

விற்றுவிடுங்கள். வீடு போனால் எல்லாம் போயிற்று என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு அது போனால்தான் மூச்சு விட இடம் கிடைக்கும். கிளினிக்கை அந்தத் தெருவிலேயே வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும், வெள்ளிக்கிழமை வருகிறேன். மறுநாள் இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் நிற்கிற இடமாகப் பார்த்து வாடகைக்கு வீடு தேடலாம். சின்னதாக இருக்கட்டும். கதவைத் தட்டுகிறவர் கையில் கோழியோ கயிறோ இல்லாத வீடாக இருந்தால் போதும்.

உங்கள்
மனைவி