கிணற்றடியில் கையேந்தி நின்றவருக்கு

புதிய தொண்டர்களுக்கு உடுப்புக் கொடுக்க இன்று காலை அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசத்தோடு உமது நூல்சேலை மேலேயே கிடந்தது. அதை மட்டும் எவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகுதான் உமக்கு அந்த எண்ணம் வந்தது. புளியங்கூடலில் பாழாய்க் கிடந்த உமது ஐயாவின் கமத்தை, தோட்டமும் வீடும் கிணறுமாகத் திருத்தி, அந்தக் காலத்து ஆட்களைப்போல் உடுத்து, அவர்கள் செய்த வேலைகளைச் செய்தே பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்றீர்.

"நாடகம் போடப் போறீரோ?" என்று கேட்டேன்.

"நாடகத்திலை வசனம் இருக்கும். இஞ்சை வேலைதான் இருக்கும்."

ஊரிலிருந்து ஆட்களைச் சேர்த்துப் பழக்கினோம். துலாவில் நீர் இறைக்க ஒருவர், புகையிலை கட்ட ஒருவர். வீட்டுக்கார அம்மாவாக நீர்தான் இருப்பீர் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அப்போதுதான் பவானி எழுந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுடைய அம்மா அந்தக் கமத்தில் கூலிக்கு நின்றவர்.

"ரீச்சர், அம்மா இந்தக் கிணத்திலை தண்ணி அள்ள ஏலாது. வீட்டுக்காரர் அள்ளி ஊத்துவினம். அவ கையேந்திக் குடிப்பா. அதையும் காட்டுவமோ?"

நீர் கிணற்றைப் பார்த்தபடி இருந்தீர்.

"காட்டத்தான் வேணும். ஆனா அதிலை நீர் நிக்க வேண்டாம், பவானி. நான் நிக்கிறன். வாளியை நீர் பிடியும்."

ஒத்திகையில் நீர் குனிந்து கைகளைச் சேர்த்து நீட்டினீர். பவானியின் கை அசையவில்லை.

"ஏலாது, ரீச்சர்."

"ஊத்தும்."

ஊற்றினாள். பாதி நிலத்தில் சிந்தியது. வாளியை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த உமது தம்பி, பள்ளிப் பிள்ளைகளோடு நின்று அதைப் பார்த்தார். பிள்ளைகள் போனபின் கேட்டார்.

"ஐயாவைச் சனத்துக்கு முன்னாலை இப்பிடி அவமானப்படுத்த வேணுமோ அக்கா?"

"ஐயாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை, தம்பி. தண்ணிதான் கேட்டனான்."

அவர் சாப்பிடாமலே போனார். பிறகு அவரிடமிருந்து அழைப்பே வரவில்லை. நீராக அழைத்தபோதும் பதில் இல்லை. நீரோ பிள்ளைகள் வரும் நாளெல்லாம் அதே இடத்தில் போய் நின்றீர். நோய் வந்து குனிய முடியாமல் போகும்வரை நின்றீர்.

ஆசுப்பத்திரியில் ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒன்றையே கேட்டீர். "தம்பி கதைச்சவனோ?" இல்லை என்பேன். "அவனுக்குக் கோவம் ஆறப் பிந்தும்" என்பீர், ஏதோ என்னைத் தேற்றுவதுபோல. அது ஆறும்வரை நீர் இருக்கவில்லை.

அவர் வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முற்றத்தில் தனியே நின்றவருக்குப் பவானி தேத்தண்ணி கொண்டுபோனாள். வாங்கிக் குடித்தார்.

"அக்கா எவடத்திலை நிண்டவ?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் காட்டினாள். கிணற்றுக்கட்டுக்கு வெளியே, அந்த ஈரமண்ணில் போய் நின்றார். போகும்போது வீட்டுப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்து, "நடத்துங்கோ" என்றார். அந்த ஒரு சொல்லைத் தொலைபேசியில் உமக்குச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அந்த இடத்தில் நான் நிற்கிறேன். பவானி ஊற்றுகிறாள். முதல் நாள் ஒத்திகை முடிந்து பஸ்சுக்கு நடந்தபோது நீர் சொன்னது ஒவ்வொரு முறையும் காதில் கேட்கிறது: "கையை நீட்டேக்கை எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. தண்ணி வரப் பிந்தினபோதுதான் விளங்கினது."