ஐந்தாம் பாட்டின் தொடக்கத்தில் ஒரு குலவை

திஸி வுஸு அருகே, நம் ஊரிலிருந்து
5 டிசம்பர் 1987

அன்புள்ள தம்பி மெஸியானுக்கு,

அக்கா தாசாதித் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். பாரிஸில் குளிர் தொடங்கியிருக்கும். நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், ஆணியில் மாட்டி வைத்து அழகு பார்க்காதே. ஆலிவ் பறிப்பு பாதி முடிந்தது. இந்த வருடம் காய்ப்பு சுமார்தான்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கச்சேரிக் கேசட்டைக் கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒளிக்காமல் எழுதச் சொல்லியிருந்தாய். மருத்துவ நிலையத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களையெல்லாம் கேட்டுவிட்டேன். நான் ஊசியோடு நிற்கும்போது யாரும் மழுப்புவதில்லை.

பொதுவாக, ஸ்டூடியோவில் பதிவு செய்த முதல் கேசட்டைவிட இதுதான் உயிரோடு இருக்கிறது என்கிறார்கள். ஆலிவ் செக்கில் வேலை செய்கிறவர்கள் இதைப் போட்டால்தான் கை ஓடுகிறதாம். முடிதிருத்துகிற அரெஸ்கி, உன்னைவிட ஸ்டேடியத்துக் கூட்டம் நன்றாகப் பாடியிருக்கிறது என்றான். சலேம் வாத்தியார், மூன்றாவது பாட்டில் தர்புகா மேளம் முன்னால் ஓடுகிறது, நீ மூச்சிரைக்கப் பின்னால் ஓடுகிறாய் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஜெஜிகா சித்திக்குத்தான் பெரிய மனக்குறை. அவள் கல்யாணத்தில் பெண்கள் பாடிய பாட்டை நீ எலெக்ட்ரிக் கிட்டாரோடு பாடிவிட்டாயாம். "எங்க பாட்டுக்கு பேன்ட் மாட்டி விட்டுட்டான் உன் தம்பி" என்றாள். அப்படிச் சொன்னவள் கேசட்டை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் பதினைந்து நாளாகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை.

இனி நீ முக்கியமாகக் கேட்டதற்கு வருகிறேன். ஐந்தாவது பாட்டின் தொடக்கத்தில், உன் மண்டோல் வாத்தியம் ஆரம்பிக்கும் இடத்தில், ஏதோ ஒரு பெண் கூட்டத்துக்குள் வைத்திருந்த மைக்குக்குப் பக்கத்தில் நின்று குலவை போட்டிருக்கிறாள், முதல் இரண்டு வரி வாசிப்பு அதில் மூழ்கிப் போகிறது, இரண்டாம் பதிப்பில் அதை வெட்டிவிடலாம் என்று ஒலிப்பதிவாளர் சொல்கிறார், ஊரில் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய்.

ஏதோ ஒரு பெண் என்று எழுதிவிட்டாய். படித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கடைசியாக அந்தக் குலவையைக் கேட்டபோது உனக்குப் பதினான்கு வயது. உன்மேல் தப்பில்லை. மெஸியான், அது அம்மா.

உன் அண்ணன் அக்லியின் லாரி கவிழ்ந்து, அவனைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய நாளில், இனி இந்த வாயில் குலவை கிடையாது என்று அவள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அப்பா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். வீட்டிலிருந்து ரேடியோ போனது. நீ வளர்ந்து, மண்டோலைத் தூக்கிக்கொண்டு பாரிஸுக்குக் கிளம்பியபோது, துக்க வீட்டிலிருந்து பாட்டா என்று கேட்டு உன்னோடு பேச்சை நிறுத்தினார். அவர் உன்னோடு பேசி மூன்று வருடமாகிறது.

ஜூலையில் நீ திஸி வுஸுவில் பாட வந்தபோது, நானும் அம்மாவும் தர்காவுக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஸ்டேடியத்துக்கு வந்தோம். உனக்கும் தெரியக் கூடாது, உன்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் நிபந்தனை. நான்கு பாட்டு வரை முகத்திரைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது பாட்டுக்கு முன்னால், இது என் அண்ணன் சொல்லிக்கொடுத்த மெட்டு என்று நீ மைக்கில் சொன்னாய். அவ்வளவுதான், துணி கீழே விழுந்தது. நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் குலவை போட்டுவிட்டாள்.

அவ்வளவு கூட்டத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். நம் புத்தி அவ்வளவுதான். கேசட் வந்த அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று இடத்தில் உடைந்து கடைசியில் மேலே ஏறுகிற குலவை இங்கே வேறு யாருக்கு இருக்கிறது? பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அப்பா காதுக்குப் போகாமல் ஊரே பார்த்துக்கொண்டது. அவர் கடைத்தெருவில் தலை காட்டினால் போதும், கேசட் நின்றுவிடும்.

போன சனிக்கிழமை சந்தையிலிருந்து பெலாயித்தின் வேனில் திரும்பினோம். அப்பா முன் சீட்டில், நான் வேலை முடிந்து பின் சீட்டில். பெலாயித் மறந்துபோய்க் கேசட்டை ஓட விட்டிருந்தான். ஐந்தாவது பாட்டு வரப்போகிறது என்று புரிந்ததும் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினான். அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

குலவை வந்தது. வேனில் எல்லோரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை போடு" என்றார் அப்பா.

பெலாயித் போட்டான். ஊர் வருவதற்குள் நான்கு தடவை கேட்டோம். வீட்டில் அம்மா கூஸ்கூஸ் வைத்தாள். பாதி சாப்பிட்டபின் அவளை நிமிர்ந்து பார்க்காமல், "ஸ்டேடியத்துல உக்கார எடம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் அக்லியின் டேப்ரிக்கார்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, பேட்டரி போடத் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்தார். கேசட் பெலாயித்திடம் வாங்கிக்கொண்டது. இப்போது தினமும் ஆலிவ் பறித்துவிட்டு வந்ததும் ஐந்தாவது பாட்டு. அம்மா அடுக்களையை விட்டு வருவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் பாத்திரச் சத்தம் நின்றுவிடுகிறது.

அம்மாவிடம் கேட்டால், பிள்ளையின் பாட்டுக்கு இடைஞ்சல் என்றால் வெட்டிவிடச் சொல் என்பாள். அதனால் அவளைக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்: வெட்டாதே. மற்றக் குறைகளை உன் இஷ்டப்படி திருத்திக்கொள்.

ஒலிப்பதிவாளர் சொன்னதை நேற்று அப்பாவிடம் மட்டும் படித்துக் காட்டினேன். உனக்கு எழுதச் சொல்லி அவர் சொன்னதை, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"தப்பு அவமேல இல்ல. அவன்தான் அவசரப்பட்டு ஆரம்பிச்சிட்டான். அடுத்த தடவ இங்க வந்து வாசிக்கச் சொல்லு. அவ முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து ஆரம்பிக்கச் சொல்லு."

உன் விரல்களைக் கடவுள் காக்கட்டும். ஆலிவ் அறுவடைத் திருநாளுக்கு முன்னால் வந்துவிடு, தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா தாசாதித்