கேட்கிற தூரத்தில்

பொம்மனஹள்ளி,
வியாழக்கிழமை

அன்புள்ள அத்தைக்கு,

தமயந்தி எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்களும் அழுகிறீர்கள், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால் எழுதி ஆதிகேசவன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். மாரிகுப்பம் ரயிலில் தினமும் வந்துபோகிறவர், சாயங்காலமே கொண்டுவந்து தருவார். பக்கத்து வீட்டு ஹெலன் அக்காவைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அக்கா, எதையும் விட்டுவிடாமல் படியுங்கள். அத்தை அழுதால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, மறுபடியும் படியுங்கள்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் அதே ஹவுஸ்கீப்பிங். சாப்பிடுகிறேன், தூங்கத்தான் முடியவில்லை. உங்களுக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாக அண்ணன் சொன்னார். இந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை, உங்கள் மகன் வேலை பார்த்த அபார்ட்மென்ட்டில் அவர் படத்தைத் திறக்கிறார்கள். நீங்கள் வரச் சம்மதித்ததாகவும், மைக்கில் இரண்டு வார்த்தை பேசப் போவதாகவும் அலர்மேல்மங்கை மேடம் சொன்னார். அங்கே அசோசியேஷன் தலைவி அவர்தான். யாரும் சொல்லாமல் என் பிள்ளை தானாகவே தண்ணீரில் இறங்கினான், எல்லோருக்காகவும் உயிரைக் கொடுத்தான் என்று நீங்கள் பேச வேண்டுமாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு அந்த மேடம் என்னைக் கோரமங்களாவில் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார். தன் காரிலேயே. மழைத் தண்ணீர் புகுந்த பேஸ்மென்ட்டில் அன்றைக்கு நின்ற கார்தான் அது. சீட்டெல்லாம் மாற்றியும் ஈர நாற்றம் போகவில்லை. நான் கண்ணாடியை இறக்கினேன். "ஏசி போட்டிருக்கேனேம்மா" என்றார். பரவாயில்லை என்றேன்.

சின்னக் கோயில். கெம்பேகவுடாவின் மருமகள் லட்சுமம்மாவுக்காகக் கட்டியதாம். மேடம்தான் கதை சொன்னார். கெம்பேகவுடா பெங்களூருக்குக் கோட்டை கட்டியபோது தெற்கு வாசல் மட்டும் நிற்கவில்லை. பகலெல்லாம் கட்டுவதும் இரவில் இடிந்து விழுவதுமாகவே இருந்தது. கர்ப்பிணி ஒருத்தியைப் பலி கொடுத்தால்தான் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். கெம்பேகவுடா முடியவே முடியாது என்றுவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு லட்சுமம்மா காதில் விழுந்தது. அவள் வயிற்றில் அப்போது பிள்ளை. யாரிடமும் சொல்லாமல் போய்த் தன்னையே வெட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு வாசல் விழவே இல்லை.

"பாத்தியாம்மா, அவளை யாரும் போன்னு சொல்லலை. தானாப் போனா. அதனாலதான் இத்தனை நூறு வருஷமா அவளுக்கு விளக்கு ஏத்தறாங்க. உன் வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை அத்தை. நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பூசாரியிடம் நான் கன்னடத்தில் ஒன்று கேட்டேன். அவளுக்கு அம்மா வீடு என்று ஒன்று இருந்திருக்குமே, அவர்கள் வந்து கேட்கவில்லையா என்றேன். அவர் கற்பூரத் தட்டை வைத்துவிட்டு யோசித்தார். கதையில் அதெல்லாம் இல்லையம்மா என்றார்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் கர்ப்பிணியாக இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளைப் போ என்று யாரும் சொல்லவில்லையாம். அவளுக்குக் கேட்கிற தூரத்தில் நின்று, கர்ப்பிணி வேண்டும் என்று பேசிக்கொண்டார்களாம்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் உங்கள் மகன் எனக்குப் போன் செய்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "தமா, கீழ தண்ணி இடுப்பு வரைக்கும் நிக்குது. மோட்டார் போடணுமாம். கரண்ட்டு இன்னும் கட் பண்ணல. வெங்கி சார் யார் பேரும் சொல்லல. யாராச்சும் இறங்கணுமே, யாராச்சும் இறங்கணுமேன்னு என்னையே பாத்துனு நிக்கறாரு."

வெங்கி அங்கே சூப்பர்வைசர். அந்த ஷிஃப்டில் மெயின்டனன்ஸ் வேலைக்கு இருந்தது உங்கள் மகன் ஒருத்தர்தான். படிக்கட்டில் நின்றவர்கள் கார், கார் என்று கத்தியது போனிலேயே கேட்டது. வேண்டாம், வந்துவிடுங்கள் என்றேன். "வந்துட்டா நாளைக்கு கேட்டுக்குள்ள உடமாட்டான் தமா" என்றார். போன் அதோடு நின்றுவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் என்னை ஒரே கேள்விதான் கேட்டார்கள். வெங்கி பெயர் சொல்லி இறங்கச் சொன்னானா? இல்லை என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. சரி, அப்படியென்றால் தானாகத்தான் இறங்கியிருக்கிறார் என்று எழுதப் போனார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். திங்கட்கிழமை மறுபடியும் போய்ச் சொல்லப் போகிறேன். போனில் கேட்டது முழுவதையும் சொல்வேன். அதற்கு முந்தின நாள் பெற்ற தாயே மைக்கில் தானாகப் போனான் என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் என் பேச்சை யார் கேட்பார்கள்?

மாமா சுரங்கத்தில் இறந்துபோனபோது ஒரு சுவரிலும் அவர் பெயர் வரவில்லை என்று நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பிள்ளையின் படமாவது ஒரு சுவரில் தொங்கட்டுமே என்று நினைப்பீர்கள். என் மகன் வீரனாகப் போனான் என்று நினைத்துத்தான் நீங்கள் ராத்திரி கண்ணை மூடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை உங்களிடமிருந்து பிடுங்குகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அத்தை, கதையில் இல்லாத அந்த அம்மா நீங்கள்தான். கேள்வி கேட்க வரவேண்டியவர். உங்களையே மேடையேற்றிக் கதை சொல்ல வைக்கிறார்கள்.

அவர் கடைசியாகச் சொன்ன ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். கை ஓடவில்லை. "பயமா கீது தமா" என்றார். கரண்ட்டுக்கு எப்போதுமே பயப்படுகிறவர்தான். வீட்டில் பல்பு மாற்றுவதற்குக்கூட மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூல் மேல் ஏறுவார். குணசேகர் உயிரைக் கொடுக்கவில்லை அத்தை. அவருக்கு உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். படத்தைப் பாருங்கள், மாலை போடுங்கள், மனம் விட்டு அழுங்கள். மைக்கைக் கொடுத்தால், என் பிள்ளை பயந்தான் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல முடியாவிட்டால் பேசாமல் நில்லுங்கள், நான் பக்கத்தில் நிற்பேன். தானாகப் போனான் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள் மருமகள்,
தமயந்தி