நான் கட்டிய கம்பி

அன்புத் தம்பி செபஸ்தி,

உன்னைக் கொன்றவன் நான். இத்தனை வருடமாக இதைச் சொல்லவிடாமல் தடுத்தார்கள். இன்று எல்லோரும் கேட்க உனக்கு எழுதுகிறேன்.

தமிழரைத் தாக்கும் கலவரம் கண்டியிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கம் ஏறி வருகிறது என்று கேள்விப்பட்ட அன்று, நாம் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கீழே மரக்கறித் தோட்டத்துப் பாதையில் கட்டுத்துவக்கு வைத்தேன். பன்றிக்கு வைப்பது போலத்தான். முழங்கால் உயரத்தில் கம்பி, அதன் நுனியில் துவக்கு; கால் பட்டால் வெடிக்கும். பன்றிக்கு வைத்தால் பொழுது சாய்வதற்குள், "கம்பி கட்டியிருக்கு, கீழ்ப்பாதையில போகாதீங்க" என்று கூவிச் சொல்வோம். கூவாமல் கட்டுகிறவனை நம் ஆட்கள் மனிதனாகவே மதித்ததில்லை. அன்று நான் கூவவில்லை. வருகிறவர்களுக்குக் கேட்டுவிடும் என்று வீடு வீடாகப் போய் மெதுவாகச் சொன்னேன். நீதான் வீட்டில் இல்லையே.

நீ வேலை பார்த்த அக்குறணைக் கடை முதலாளி உன்னை இரண்டு நாள் தன் வீட்டில் ஒளித்துவைத்து, லொறியில் அனுப்பிய கதை பிறகுதான் தெரிந்தது. றோட்டுக்குப் பயந்து நீ கீழ்ப்பாதையால் ஏறியிருக்கிறாய். ஆள் முகம் தெரியும் வெளிச்சம் இன்னும் இருந்தது. வெடி கேட்டதும், "விழுந்தான்யா ஒருத்தன்" என்று சிரித்தேன். அதையும் நான் யாரிடமும் மறைத்ததில்லை.

கம்பி காலில் பட்டபோது உனக்குத் தெரிந்ததா, தம்பி, அது அண்ணன் கட்டியது என்று?

பொலிஸில் விபத்து என்று எழுதினார்கள். "விடுண்ணே, துவக்கு தானா வெடிச்சதுக்கு நீ என்னா செய்வ?" என்றார் தோட்டத் தலைவர். கொன்றவன் என்று என் பெயரை எழுதச் சொல்லிப் பொலிஸுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் தேறுதல் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

யுத்தம் இன்னும் முடியவில்லை. வடக்கில் மிதிவெடிகள் யார் கால் என்று பாராமல் மண்ணுக்குள் காத்திருக்கின்றன. போன மாதம் கண்டியில் யுத்த ஆயுதங்களைப் பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போனேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மிச்சமெல்லாம் நானே படித்தது; ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் பேசினார். யாரைச் சுடுவது என்று தானே முடிவெடுக்கும் இயந்திரம் வரப்போகிறதாம். அதற்குக் கோபமில்லை, வெறுப்பில்லை, குடிவெறியில்லை. ஆகவே அப்பாவிகள் சாவது குறையுமாம்.

எழுந்து சொன்னேன்: "ஐயா, என் துவக்குக்கும் கோவம் கிடையாது. என் தம்பிய அது வெறுக்கல. வர்றது யாருன்னு அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

புதிய இயந்திரம் ஆளை அடையாளம் பார்க்கும் என்றார்.

"தப்பாப் பார்த்துட்டா யாரு பேரை எழுதுவீங்க?"

அதை இனித்தான் யோசிக்கவேண்டும் என்றார். அவர் யோசித்து முடிக்கும்வரை உட்காரமாட்டேன் என்று நின்றேன். கூட்டம்தான் முடிந்தது.

அவர் யோசிக்காவிட்டால் நான் சொல்கிறேன். இயந்திரம் செய்கிறவன், சுடும் முடிவை மனிதனிடமிருந்து பிடுங்கக்கூடாது. அதை அனுப்புகிற அதிகாரி, எந்தப் பக்கத்தவனானாலும், முதலில் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். மிதிவெடி புதைத்தவர்கள் புதைத்த இடத்தை ஊர் கேட்கக் கூவிச் சொல்லி, தாங்களே தோண்டி எடுக்கவேண்டும். பொலிஸார் 'விபத்து' என்ற சொல்லை வெட்டி, அந்த இடத்தில் என் பெயரை எழுதவேண்டும். அதற்காக வரும் திங்கட்கிழமை நாலாம் முறை போகிறேன். எழுதும்வரை போவேன், தம்பி.

கம்பி கட்டிய உன் அண்ணன்,
சவரிமுத்து