புதுச் சுவருக்குத் தண்ணீர்

பாடாலூர்
2.6.2003

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை பரிமளா எழுதுவது.

நேற்று அப்பா வலது கையால் தீக்குச்சி கிழித்துப் பீடி பற்றவைத்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். பொங்கலின்போது நம் மெக்கானிக் பட்டறை எரிந்ததே, அப்போது வெந்த கை. குடம் தூக்க முடியவில்லை என்கிறார். அம்மா களையெடுக்கப் போய்விடுவதால், பட்டறையின் புதுச் சுவருக்கு மூன்று வேளையும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்பதாவதோடு நான் நின்றதும் அவரைப் பார்த்துக்கொள்ளத்தான்.

அரியலூர் டுடோரியலில் பத்தாம் வகுப்பு பதினாறாம் தேதி தொடங்குகிறது. கிருஷ்ணம்மாள் அத்தை அங்கே தன் வீட்டில் தங்கச் சொல்கிறார். சுவர் முடிந்ததும் அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். இப்போது பேச்சே எடுப்பதில்லை. நீ ஒரு வரி எழுதினால் கேட்பார். அவர் முன்னால் எனக்கு வாய் வராது.

வேளைக்குச் சாப்பிடு.

பரிமளா

திருப்பூர்
8.6.2003

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பார்த்தேன். அப்பாவுக்கு எழுத எனக்கும் பயம்தான். நெருப்பு பட்ட வலி நமக்குத் தெரியாது, பரிமளா. தண்ணீர் இல்லாவிட்டால் சுவர் வெடித்துவிடும். பட்டறை எழுந்தால்தான் நானும் பனியன் கம்பெனியை விட்டு ஊர் வரலாம். இந்த ஒரு வருடம் பொறுத்துக்கொள். டுடோரியல் எங்கே ஓடிவிடப்போகிறது? உனக்குச் சிவப்பு வளையல் வாங்கி வைத்திருக்கிறேன்.

அண்ணன் சுதர்சன்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு
15.6.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுப் பட்டறைக்கு மேல்தளம் போட்டாயிற்று. காலையில் கொத்தனார் வீரமுத்து அதன் மேல் பாத்தி கட்டி, தண்ணீர் வற்றாமல் பார்க்கச் சொன்னார். பரிமளா இருக்கிறாள் என்றார் அப்பா. பின்னால் இன்னொரு ரூம் எழுப்பப் போகிறாராம். கொத்தனார் சிரித்தார்.

"ஒங்க வேல முடியறதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணமே ஆயிடுங்க."

அப்பாவும் சிரித்தார். கொத்தனார் போனபிறகு கேட்டேன்.

"கை ஆறிடுச்சேப்பா. நான் அரியலூர் போவட்டுமா?"

"ஆறுனா என்ன? பொட்டப்புள்ளய வெளியூர்ல வுட்டுட்டு நான் எப்படித் தூங்குறது? வூட்டுலயே இரு."

ஏணியில் ஏறிப் பாத்தி நிறையத் தண்ணீர் விட்டேன். இறங்கி வந்து, குடத்தை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இங்கே அரியலூர் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

பரிமளா